இன்டீரியர் டிசைன் படிப்பு: மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

இன்டீரியர் டிசைன் பட்டப்படிப்பில் சேருபவர்களில் பலர் முதல் பருவத்திலேயே சோர்ந்துவிடுகிறார்கள். சோபா, திரைச்சீலை, சுவர் நிறம் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் கையில் பென்சிலைக் கொடுத்து, ஒரே தடிமனில் பக்கம் பக்கமாகக் கோடு போடச் சொல்கிறார்கள். அடுத்து, உட்கார்ந்திருக்கும் நாற்காலியை அளந்து வரைந்து வரச் சொல்கிறார்கள். பிறகு படிக்கட்டு. அழகைப் பற்றி யாரும் வாய் திறப்பதாகக் காணோம். 'இதற்கா வந்தோம்' என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் கோளாறு பாடத்திட்டத்தில் இல்லை; படிப்பைப் பற்றி மனதில் வைத்திருந்த எண்ணத்தில் இருக்கிறது.

அலங்கரிப்பு ஒரு தனித் தொழில், அதில் குறைவு ஒன்றும் இல்லை. சுவரும் தரையும் முடிந்த பிறகு துணி, இருக்கை, விளக்கு, படம் ஆகியவற்றைத் தேர்ந்து அமைப்பது அது. பட்டப்படிப்போ அதற்கு வெகு முன்னால் தொடங்குகிறது. எந்தச் சுவரை எடுக்கலாம், எது பாரம் தாங்குகிறது? கழிவறையை நகர்த்தினால் குழாய்க்குச் சரிவு கிடைக்குமா? ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஏசி குழாய் போக எவ்வளவு உயரம் வேண்டும்? தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியே ஓடுவார்கள்? ஓர் அறைக்குள் மனித உடல் என்ன செய்கிறது, அந்த அறை எப்படிக் கட்டப்படுகிறது என்ற இரண்டு கேள்விகளைத்தான் முதல் ஆண்டு முதல் கடைசி புராஜெக்ட் வரை சுற்றிச் சுற்றிக் கேட்கிறார்கள். இந்த இரண்டையும் விட்டுவிட்டுக் காட்சியை மட்டும் பிடித்துக்கொள்வதுதான் மாணவர்களின் பெரும்பாலான தவறுகளுக்கு வேர்.

ரெண்டர் மயக்கம்

விடுமுறையிலேயே ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளும், அறையைப் புகைப்படம்போலக் காட்டும் படங்களை (ரெண்டர்) உருவாக்கும் மென்பொருளும் கற்றுக்கொண்டு வரும் மாணவர், தான் பாதி தூரம் கடந்துவிட்டதாக நினைக்கிறார். மென்பொருள் தெரிவது நல்லதுதான். சிக்கல் என்னவென்றால், திரையில் கேமராவைச் சுவருக்குப் பின்னால் கொண்டுபோய் வைக்கலாம், அகலக் கோண லென்ஸ் போடலாம். சின்னப் படுக்கையறைகூடக் கல்யாண மண்டபம் மாதிரி விரிந்துவிடும். வரைந்தவரே அதை நம்பிவிடுவதுதான் ஆபத்து. பிளானில் பார்த்தால் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் ஐம்பது சென்டிமீட்டர்கூட இருக்காது. அலமாரிக் கதவு பாதி திறந்ததும் கட்டிலில் முட்டும்.

செக்‌ஷன் வரையச் சொல்லி ஆசிரியர்கள் நச்சரிப்பது இதனால்தான். அறையைச் செங்குத்தாக வெட்டி, உள்ளே ஓர் ஆளை நிற்கவைத்து வரைந்தால் பொய் சொல்ல முடியாது. ஜன்னல் விளிம்பு உட்கார்ந்தவர் கண்ணை மறைக்கிறதா, உத்தரத்துக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் எவ்வளவு இறங்குகிறது, மேல் அலமாரியைத் திறந்தால் நெற்றியில் இடிக்குமா, எல்லாம் அதில் வெளிவந்துவிடும். பிளானும் ஒரு வெட்டுத்தான்: தரையிலிருந்து ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரத்தில் கட்டடத்தைக் கிடையாக வெட்டி மேலிருந்து பார்ப்பது. வெட்டுப்பட்ட சுவர் தடித்த கோடு, கீழே தெரியும் மேசை மெல்லிய கோடு, தலைக்கு மேலே இருப்பது புள்ளிக் கோடு. இந்தக் கோட்டு வேறுபாட்டைச் சடங்காக நினைப்பவரின் வரைபடத்தைத் தச்சர் தவறாகத்தான் படிப்பார்.

அதிகம் ஒதுக்கப்படும் வரைபடம் கூரைக்கானது. விளக்கு, ஏசி வாய், தீயணைப்புத் தெளிப்பான், உத்தரம் எல்லாம் சந்திக்கும் இடம் கூரை. அதைக் கடைசி இரவில் வரைபவர்கள் நடு உத்தரத்தில் விளக்குக்குத் துளை போட்டிருப்பார்கள்.

அளவுகளை மனப்பாடம் செய்வது

நாற்காலி இருக்கை 450 மில்லிமீட்டர், உணவு மேசை 720 முதல் 750 வரை, சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப 1,500. மாணவர்கள் இவற்றை வாய்ப்பாடாக ஒப்பிப்பார்கள். மேசைக்கும் இருக்கைக்கும் நடுவில் ஏன் முப்பது சென்டிமீட்டர் அளவுக்கு வித்தியாசம் என்று கேட்டால் பதில் வராது. தொடை உள்ளே நுழையவும் வேண்டும், முழங்கை மேசையில் படவும் வேண்டும். இரண்டுக்கும் இடம் விடும் அளவு அது. காரணம் தெரிந்தவர் உயரமான கவுன்டருக்கான ஸ்டூலைத் தானே கணக்குப் போட்டுவிடுவார். எண்ணை மட்டும் அறிந்தவர் புத்தகத்தைத் தேடுவார்.

படிக்கட்டிலும் இதே கதைதான். ஒரு படியின் உயரமான ஏற்றத்தின் இரண்டு மடங்கோடு, கால் வைக்கும் பகுதியின் ஆழமான மிதியைக் கூட்டினால் ஏறக்குறைய 600 முதல் 640 மில்லிமீட்டருக்குள் வர வேண்டும் என்ற விதியின் அடிப்படையை 17-ஆம் நூற்றாண்டிலேயே ஃபிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா பிளான்டெல் வகுத்துவிட்டார். மனிதர் எடுத்துவைக்கும் அடியின் நீளம்தான் அந்தக் கணக்கில் ஒளிந்திருக்கிறது.

இன்னொரு பொறி, 'சராசரி மனிதர்'. 1950-ல் அமெரிக்க விமானப்படை 4,063 விமானிகளின் உடலை அளந்தது. கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர், விமானி அறைக்கு முக்கியமான 10 அளவுகளை எடுத்து, பத்திலும் சராசரியை ஒட்டியிருப்பவர் எத்தனை பேர் என்று பார்த்தார். ஒருவர்கூட இல்லை. ஆகவே எட்டி எடுக்க வேண்டிய தட்டைக் குள்ளமானவருக்காக வையுங்கள். நுழைந்து போக வேண்டிய வழியைப் பெரிய உடம்புக்காரருக்காக விடுங்கள். இரண்டும் மோதும் இடத்தில் ஏற்றி இறக்கும் வசதி கொடுங்கள். இதைப் பாடத்தில் படித்துவிட்டு, வடிவமைப்புப் பயிற்சி நடக்கும் ஸ்டுடியோவில் தன் உயரத்துக்கே எல்லாவற்றையும் வடிவமைக்கும் மாணவர்கள் ஏராளம்.

நிறம், ஒளி, ஒலி

நிறப் பாடத்தில், ஒரே சாம்பல் காகிதத் துண்டைக் கறுப்பின் மேலும் வெள்ளையின் மேலும் ஒட்டச் சொல்வார்கள். துண்டு ஒன்றுதான், ஆனால் இரண்டு நிறமாகத் தெரியும். ஜெர்மனியின் பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளியிலும் பின்னர் அமெரிக்காவிலும் கற்பித்த ஜோசப் ஆல்பர்ஸ் இதுபோன்ற பயிற்சிகளுக்குப் பேர்போனவர். விளையாட்டாகத் தோன்றும் இந்தப் பயிற்சி சொல்வது ஒன்றே: நிறம் தனியாக இருப்பதில்லை. அதைக் கேட்டுவிட்டு மாலையில் போன் திரையைப் பார்த்துச் சுவருக்கு நிறம் முடிவு செய்வது பெரிய முரண். திரை தானே ஒளி விடுகிறது, சுவர் விடுவதில்லை.

கடை வெளிச்சத்தில் கச்சிதமாகப் பொருந்திய இரண்டு துணிகள் வீட்டு விளக்கின் கீழே ஒட்டாமல் போகும். ஒரு விளக்கில் ஒன்றாகவும் இன்னொன்றில் வேறாகவும் தெரிவது பொருள்களின் நிறமிகளிலேயே உள்ள குணம். எனவே எந்த மாதிரியையும், அறையில் பிறகு எரியப்போகும் அதே வகை விளக்கின் கீழும், பகலில் அந்த ஜன்னல் பக்கத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும். விளக்கொளியின் சாயலைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள்; 2,700 கெல்வின் மஞ்சள் சாயலும் 4,000 கெல்வின் வெண்மையும் ஒரே மரப்பலகையை இரண்டு பலகைகளாக்கும். நிறங்களை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்று சொல்லும், பெட்டியில் இருக்கும் நிறத் துல்லியக் குறியீட்டெண்ணை (சி.ஆர்.ஐ) பார்க்காமல் வாட்டை மட்டும் பார்ப்பவர்கள் சிவப்புகள் செத்துப்போவதைக் கண்டு பிறகு வியப்பார்கள்.

கூரையில் சதுரம் சதுரமாகச் சம இடைவெளியில் டவுன்லைட் (கூரைக்குள் பதித்து நேர் கீழே ஒளி விடும் விளக்கு) போடுவது மாணவர் வரைபடங்களில் சலிக்காமல் வரும் தவறு. தரை பளிச்சென்று இருக்கும், முகங்கள் நிழலில் இருக்கும். படிப்பதும் எழுதுவதும் நடக்கும் அலுவலக மேசை மட்டத்தில் 500 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு) என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. அதே அளவு நடைவழிக்கு வேண்டியதில்லை. எங்கே எந்த வேலை நடக்கிறது என்று முதலில் குறித்துக்கொண்டு, அதன் பிறகு விளக்கை வைக்க வேண்டும். வயதானவர் புழங்கும் இடமென்றால் வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும், கண் கூசுவதைக் குறைக்க வேண்டும்.

ஒலிக்கு இரண்டே விஷயம், ஆனால் இரண்டையும் குழப்பாதவர் அரிது. பக்கத்து அறைச் சத்தம் வராமலிருக்கச் சுவரில் பஞ்சு பலகை ஒட்டுவது வீண். அது அறைக்குள் எழும் எதிரொலியை உறிஞ்சும், சுவரைக் கடக்கும் ஒலியைத் தடுக்காது. தடுப்பதற்குக் கனம் வேண்டும், கதவிடுக்குகளை அடைக்க வேண்டும். எதிரொலியை எண்ணால் அளக்கும் முறை 1895-ல் ஹார்வர்டில் தொடங்கியது. ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சு ஐந்து விநாடிக்கு மேல் சுழன்றுகொண்டிருந்தது. யாருக்கும் எதுவும் புரியவில்லை. இளம் இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சபைன் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து அடுக்கி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அறையின் கன அளவு கூடினால் எதிரொலி நீளும், உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும். கண்ணாடி, கல், கான்கிரீட் என்று 'சுத்தமான' உணவகம் வரையும் மாணவர் அங்கே உட்கார்ந்து பேசப் போகிறவர்களை நினைப்பதில்லை.

பொருளை முகம் பார்த்து எடுப்பது

நிறம், பொருள் மாதிரிகளை ஒன்றாக ஒட்டிக் காட்டும் மூட் போர்டில் ஒட்டிய உள்ளங்கை அளவுத் துண்டு, பொருளின் முகத்தை மட்டுமே காட்டும். அதன் ஓரம் எப்படி முடியும், பின்னால் என்ன இருக்கிறது, ஆணி பிடிக்குமா என்பது அதில் இல்லை. பிளைவுட், எம்.டி.எஃப் (மர இழைகளை அழுத்திச் செய்த பலகை), துகள் பலகை மூன்றின் மேலும் ஒரே லேமினேட்டை ஒட்டலாம். வெளியே வித்தியாசம் தெரியாது. துகள் பலகையின் ஓரத்தில் கீலைத் திருகி, கனமான கதவைத் தொங்கவிட்டால் கொஞ்ச நாளில் திருகாணி பிடி விட்டுவிடும். பலகையின் ஒரு பக்கம் மட்டும் லேமினேட் ஒட்டினால் இரு பக்கமும் ஈரத்தைச் சமமாக ஏற்காமல் பலகை வளையும். மரம் நார்ப் போக்கில் அநேகமாக நீளாது, குறுக்கே விரியும், சுருங்கும். அதற்கு இடம் விடாமல் இறுக்கிப் பூட்டினால் வெடிக்கும்.

என் கணிப்பில், ஒரு மாணவர் தேறிவிட்டாரா என்று பார்க்க ஒரே கேள்வி போதும்: இரண்டு பொருள்கள் சந்திக்கும் இடத்தை 1:5 அளவில் வரையச் சொல்லுங்கள். தரை ஓடும் மரத் தரையும் சந்திக்கும் கோடு, கண்ணாடி சுவருக்குள் இறங்கும் பள்ளம், அலமாரிக்கும் கூரைக்கும் இடையிலான இடுக்கு. ரெண்டரில் இவை அனைத்தும் ஒரு மெல்லிய கோடுதான்.

'விதிமுறை நம் வேலை இல்லை'

1942 நவம்பர் 28 அன்று பாஸ்டன் நகரின் கோகனட் குரோவ் இரவு விடுதியில் தீப்பிடித்து 492 பேர் இறந்தார்கள். தீ வேகமாகப் பரவியது செயற்கைப் பனைமரம், கூரைத் துணி போன்ற அலங்காரங்களில்தான். முதன்மை வாசலில் இருந்த சுழல் கதவு கூட்டத்தால் அடைபட்டது. சில கதவுகள் பூட்டியிருந்தன, சில உள்நோக்கித் திறப்பவை. அந்தப் பட்டியலைப் பாருங்கள்: துணி, கூரை, கதவு. மூன்றும் இன்டீரியர் டிசைனர் தேர்ந்தெடுப்பவை. 2003-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் இன்னொரு விடுதியில் 100 பேரைப் பலிகொண்ட தீ, மேடைச் சுவரில் ஒலிக்காக ஒட்டிய பஞ்சில் பற்றியது.

இதைப் படித்த பிறகும் வெளியேறும் வழி, தீப்பரவல் தரம், சக்கர நாற்காலிக்கான சரிவுப்பாதை ஆகியவற்றை 'ஆர்க்கிடெக்ட் பார்த்துக்கொள்வார்' என்று விடுபவர்களை என்ன சொல்வது. வட அமெரிக்காவில் இன்டீரியர் டிசைனர்கள் எழுதும் என்.சி.ஐ.டி.க்யூ தகுதித் தேர்வில் கட்டட விதிகளும் பாதுகாப்பும் முக்கியப் பங்கு வகிக்கின்றன. எழுதுவதற்குப் படிப்போடு பணி அனுபவமும் வேண்டும்.

கான்செப்ட் என்ற பெயரில் உருவம்

மாணவர் தன் வடிவமைப்பை மதிப்பீட்டுக் குழுவின் முன் விளக்கும் ஜூரியில் அடிக்கடி கேட்பது: 'என் கான்செப்ட் அலை.' மேசை அலை மாதிரி, கூரை அலை மாதிரி, கைப்பிடியும் அலை மாதிரி. அது கான்செப்ட் இல்லை, உருவம். வாசல் எங்கே வர வேண்டும், எதை எதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லித்தருவதுதான் கான்செப்ட்.

வரலாற்றுப் பாடத்தை ஆண்டுகளாகவும் பாணிகளின் பெயர்களாகவும் நெட்டுருப் போடாமல் இப்படிப் படித்தால் பயன்படும். 1926-ல் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த ஃபிராங்க்ஃபர்ட் சமையலறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். சமைப்பவர் வீணாக நடப்பதைக் குறைப்பது என்ற ஒரே எண்ணம். அதிலிருந்து சறுக்குக் கதவு, மடக்கி இறக்கும் இஸ்திரிப் பலகை, கைக்கெட்டும் இழுப்பறைகள் எல்லாம் வந்தன. ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய அறை பெண்ணைத் தனியே அடைத்துவிட்டது என்ற விமர்சனமும் பின்னால் வந்தது. அந்த விமர்சனத்தையும் சேர்த்துப் படித்தால்தான் பாடம் முழுமை.

ஜூரி பற்றி இன்னும் ஒன்று. முதல் யோசனையைக் காதலித்துவிட்டு, கடைசி வாரம் வரை அதையே மெருகேற்றுவது வேண்டாம். கைவிட்ட ஸ்கெட்ச்களைத் தூக்கி எறியாமல் கொண்டுவாருங்கள். மதிப்பெண் அவற்றுக்கும் உண்டு, விவாதமும் அங்கேதான் சூடுபிடிக்கும்.

யாரும் கவனிக்காத பாடம்

தொழில்முறைப் பயிற்சி வகுப்பில் பின்வரிசை எப்போதும் காலி. ஒப்பந்தம், கட்டணம், பொருள் அளவுப் பட்டியல், விவரக்குறிப்பு எல்லாம் கணக்குப்பிள்ளை வேலை என்று நினைக்கிறார்கள். 'நல்ல தரமான பிளைவுட்' என்று எழுதினால் ஒப்பந்தக்காரர் தனக்குக் கட்டுப்படியாவதைப் போடுவார், அதில் அவர் தவறு எதுவும் இல்லை. தடிமன், தரம், மேல் பூச்சு, ஓரம் எப்படி மூடப்பட வேண்டும் என்று எழுதியிருந்தால்தான் மாற்றிப் போட்டதைத் திருப்பி அனுப்ப முடியும். ஓடு வாங்கத் தரையின் பரப்பளவை மட்டும் கணக்கிட்டு, வெட்டில் வீணாவதைச் சேர்க்காமல் விட்டால், பாதி வேலையில் ஓடு தீரும். அடுத்த பெட்டியில் நிறச் சாயல் கொஞ்சம் மாறியிருக்கும்.

இன்டர்ன்ஷிப்பில் ரெண்டர் வேலை மட்டும் தரும் அலுவலகத்தில் சேர்ந்துவிட்டால், வாரம் ஒரு முறையாவது சைட்டுக்கு அழைத்துப்போகச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் வரைந்த தாளைத் தச்சர் கையில் கொடுத்து, எதில் சந்தேகம் என்று விசாரியுங்கள். அவர் கேட்கும் கேள்விகளைக் குறித்துவைத்து, விடுபட்ட அளவுகளை அடுத்த வரைபடத்தில் சேருங்கள். திருத்திய தாளையும் பழைய தாளையும் போர்ட்ஃபோலியோவில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். நேர்காணலில் பளபளக்கும் ரெண்டர்களைப் புரட்டிவிடுபவர்கள் அந்த இரண்டு பக்கத்தில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள்.