சுரங்க வைரம் இல்லாமல் நிச்சயதார்த்த மோதிரம்: கல்லைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு வாங்கியது அமெரிக்கன் டைமண்ட் மோதிரம். கடை விளக்கில் கண்ணைப் பறித்தது. இரண்டு வருஷம் கழித்து லென்ஸ் வைத்துப் பார்த்தால், பட்டைகளின் ஓரமெல்லாம் மழுங்கி, மேலே மெல்லிய கீறல்கள். விலை குறைந்த கல் வாங்கியதில் தப்பில்லை. தினமும் கழற்றாமல் போடும் மோதிரத்துக்கு அந்தக் கல் சரிப்படாது, அவ்வளவுதான்.

அதனால் முதல் படி, விலைக்கு முன்னால் கடினத்தைக் கேளுங்கள். கீறலை எவ்வளவு தாங்கும் என்று 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் வைரம் 10, மொய்சனைட் 9.25, வெள்ளை சஃபையர் (நிறமில்லாத நீலக்கல் வகை) 9, அமெரிக்கன் டைமண்ட் எனப்படும் கியூபிக் சிர்கோனியா 8 முதல் 8.5. இலங்கையில் ‘மாத்தறை வைரம்’ என்று பேர் வாங்கிய வெள்ளை சிர்க்கான் (இது கியூபிக் சிர்கோனியா அல்ல, வேறு இயற்கைக் கல்) 7.5 வரைதான். தூசியில் கலந்திருக்கும் மணலே 7! தினமும் போட 9க்குக் கீழே இறங்க வேண்டாம் என்பேன்.

இரண்டாவது, கல்லை முடிவு செய்வது. ஆய்வகத்தில் வளர்த்த வைரம் போலி அல்ல. அதே கார்பன், அதே 10. வைரமே வேண்டும் என்பவர்களுக்கு இதுதான். ஆனால் இதன் விலை சில வருஷங்களாகவே இறங்கிவருகிறது, முதலீடு என்று நினைத்து வாங்காதீர்கள். சஃபையர் அடக்கமாக மின்னும். எண்ணெய்ப் பிசுக்கு படிந்தால் சீக்கிரம் மங்கிவிடும்.

பட்ஜெட் சிறியது என்றால் என் ஓட்டு மொய்சனைட்டுக்கு. 1893இல் அரிசோனாவின் விண்கல் பள்ளத்தில் கிடைத்த துகள்களில் பிரெஞ்சு வேதியியலாளர் ஹென்றி மொய்சான் கண்ட சிலிக்கான் கார்பைடு (சிலிக்கானும் கார்பனும் சேர்ந்தது) இது. இன்று கடையில் இருப்பதெல்லாம் ஆய்வகத்தில் வளர்த்தது. வைரத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக வண்ணங்களைப் பிரித்துக் காட்டும். சிலருக்கு அந்த வானவில் மினுக்கம் பிடிக்காது. மோதிரத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். வைரமா மொய்சனைட்டா என்று சந்தேகம் வந்தால், மொய்சனைட்டை லென்ஸில் சற்றே சாய்த்துப் பார்த்தால் அடிப்பக்கப் பட்டைக் கோடுகள் இரட்டையாகத் தெரியும்.

மூன்றாவது, அளவை மில்லிமீட்டரில் கேளுங்கள். 6.5 மி.மீ. வட்ட வைரம் சுமார் 1 காரட் (இங்கே காரட் என்பது கல்லின் எடை). அதே அளவு மொய்சனைட் எடை குறைவு, கியூபிக் சிர்கோனியா எடை கூடுதல். காரட்டை வைத்து ஒப்பிட்டால் குழப்பம்தான்.

அப்புறம் பில். சூட்டை வைத்துச் சோதிக்கும் கருவி ‘பீப்’ அடித்ததும் வைரம் என்று நம்பிவிடாதீர்கள், மொய்சனைட்டுக்கும் அது அடிக்கும். கல்லின் பெயரைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். ஆய்வக வைரம் என்றால் சான்றிதழ் எண்ணும், கல்லின் இடுப்பு விளிம்பில் லேசரால் பொறித்த எண்ணும் ஒன்றா என்று லென்ஸில் பார்த்துவிடுங்கள். கல் எடையைக் கழித்துத்தான் தங்கத்துக்கு விலை போட வேண்டும். தங்கத்தின் ஹால்மார்க்கில் எழுத்தும் எண்ணும் கலந்து இருக்கும் ஆறு இலக்கக் குறியீட்டை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அங்கேயே சரிபார்க்கலாம்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் இன்னொரு கேள்வி: கல்லைப் பிடித்திருக்கும் கம்பி தளர்ந்தால் இறுக்கித் தருவீர்களா, அதற்கு எவ்வளவு?