கயாக் வைத்திருக்கும் விடுமுறை வீட்டுக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு, கோவளம் பக்கம் விடுமுறை வீடு வாடகைக்கு விடத் தொடங்குகிறவர்கள் முதல் வேலையாக இரண்டு கயாக்குகளை (துடுப்பால் ஓட்டும் குறுகலான சிறு படகுகளை) வாங்கிப் பின்புறம் போட்டுவிடுகிறார்கள். ஆரம்பத்தில் நாங்கள் செய்த பிழைகளையே இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். ஓட்டைப் படகு, உடைந்த துடுப்பு பற்றியெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கையெழுத்து வாங்கியாயிற்று, இனிக் கவலையில்லை

இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். விபத்து நடந்தால் வீட்டுக்காரர் பொறுப்பல்ல என்று விருந்தினரிடம் கையெழுத்து வாங்கும் படிவம் ஒன்றைப் புதிய வீட்டுக்காரர் ஒருவர் பெருமையாகக் காட்டினார். மூன்று பக்கம், முழுக்க ஆங்கிலம், இணையத்திலிருந்து இறக்கியது. கடைசிப் பத்தியில், ஒப்பந்தம் புளோரிடா மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டது என்று இருந்தது! அவரும் படிக்கவில்லை, கையெழுத்திட்டவர்களும் படிக்கவில்லை. குடும்பத்துக்கு ஒருவர் கையெழுத்திட, தண்ணீரில் இறங்குவது எட்டுப் பேர். மதியச் சாப்பாட்டுக்கு வந்து சேரும் உறவினர்கள் கணக்கிலேயே இல்லை.

சரியாக எழுதிய படிவமும் கவசம் ஆகாது. அலட்சியத்தால் உயிர் போனால், நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. அது அரசு தொடுக்கும் வழக்கு. விருந்தினர் 'என் சொந்தப் பொறுப்பு' என்று எழுதிக் கொடுத்தாலும் அந்த வழக்கைத் தடுக்க முடியாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, ஒருதலைப்பட்சமான ஒப்பந்த நிபந்தனைகளைச் செல்லாதவை என்று அறிவிக்க மாநில நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. பதினெட்டு வயது ஆகாதவர் போடும் கையெழுத்துக்கு மதிப்பே இல்லை.

அப்படியானால் காகிதம் வேண்டாமா? வேண்டும். ஆபத்தை எடுத்துச் சொன்னீர்கள் என்பதற்கு அது சாட்சி. ஒரே பக்கம், தமிழிலும் ஆங்கிலத்திலும், இரண்டும் தெரியாதவர் வந்தால் அவர் மொழியிலும். எதுவரை போகலாம், எப்போது இறங்கக் கூடாது, யார் கரையில் நிற்பார் என்று எழுதி, தண்ணீரில் இறங்கும் ஒவ்வொருவரிடமும் நேரம் குறித்து வாங்குங்கள். காவல் ஆய்வாளர் முதலில் கேட்கப்போவது படிவத்தை அல்ல. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார்களா, கரையில் யார் இருந்தார் என்பதைத்தான்.

இலவசமாகத்தானே கொடுக்கிறோம்

விளம்பரத்தில் கயாக்கைக் காட்டித்தான் ஆளை வரவழைத்தீர்கள். வாடகையில் அதுவும் அடக்கம் என்றே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாதிடுவார். அந்தப் படத்தில் ஜாக்கெட் இல்லாத குழந்தை சிரித்துக்கொண்டிருந்தால் அவருக்கு வேறு சாட்சியே தேவைப்படாது. அந்தப் படத்தை இன்றைக்கே நீக்கிவிடுங்கள்.

எல்லோருக்கும் ஒரே அளவு ஜாக்கெட்

பெரியவர் ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டினால் தண்ணீரில் அது தலைக்கு மேல் கழன்று வந்துவிடும். பட்டிகளை இறுக்கியபின் தோள் பட்டைகளைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் அந்த ஜாக்கெட் அந்தக் குழந்தைக்கு ஆகாது. காற்றடைத்த விளையாட்டு மிதவைகள் ஜாக்கெட் ஆகா.

காயல்தானே, அலை இல்லையே

வடகிழக்குப் பருவமழையில் முகத்துவாரம் திறந்திருக்கும்போது ஓதம் (கடல் நீர்மட்டம்) இறங்கினால் காயல் நீர் கடலை நோக்கி இழுக்கும். போகும்போது துடுப்பே போட வேண்டாம், சுகமாக இருக்கும். திரும்பும்போதுதான் கை ஓயும். இறங்கலாமா என்பதைப் பக்கத்து மீனவரிடம் கேளுங்கள். அவருக்குச் சம்பளம் கொடுத்துக் கரையில் நிறுத்தினால் இன்னும் நல்லது.

குடித்தவர்கள்

துடுப்பு கிடையாது. எவ்வளவு வாடகை கொடுத்திருந்தாலும்.

வீட்டுக் காப்பீடு போதும்

போதாது. குடியிருக்கும் வீட்டுக்கான பாலிசி, வாடகைத் தொழிலையும் படகையும் பெரும்பாலும் ஏற்பதில்லை. விருந்தினர் போன்ற பிறருக்கு நேரும் பாதிப்புக்கு நீங்கள் தர வேண்டிய இழப்பீட்டை ஏற்கும் பொதுப் பொறுப்புக் காப்பீடு தனியாகக் கேளுங்கள். அதில் ஒரு விபத்துக்கான வரம்பு, ஓராண்டுக்கான வரம்பு என இரண்டு இருக்கும், இரண்டையும் பாருங்கள். கயாக் அதில் அடங்குமா என்பதற்கு முகவர் தொலைபேசியில் சொல்லும் 'ஆமாம் சார்' பயன்படாது. எழுத்தில் வாங்குங்கள்.

இருட்டிய பிறகு

துடுப்பு வீட்டுக்குள், கயாக்குக்குச் சங்கிலி, சாவி உங்களிடம்.