காய்ச்சல் வலிப்பும் ஈ.ஈ.ஜி-யும்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகரி, புத்தூர், சித்தூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் குழந்தைக்குக் காய்ச்சலோடு வலிப்பு வந்துவிட்டால், திருப்பதிக்கோ வேலூருக்கோ தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அங்கே சிலருக்கு ஈ.ஈ.ஜி எடுப்பார்கள். ‘மூளை அலைகள் மெதுவாக உள்ளன’ என்று ரிப்போர்ட் வந்ததும் வீட்டில் அழுகை தொடங்கிவிடும். அந்த ஒரு வரியை வைத்துக் குழந்தையின் எதிர்காலத்தையே முடிவு செய்வதுதான் பெரிய தவறு.

தலையில் பசை வைத்துச் சிறு கம்பிகளை ஒட்டி, மூளையின் மின்னோட்டத்தை அலைகளாகப் பதிவு செய்வது ஈ.ஈ.ஜி. விழித்திருக்கும் குழந்தை கண்ணை மூடினால் பின்மண்டைப் பக்கம் ஒரு சீரான தாளம் தெரியும். ஒரு வயதில் விநாடிக்குச் சுமார் 6 அலைகள், மூன்று வயதில் சுமார் 8. வைரஸ் தொற்று மூளையைத் தொட்டாலும், வலிப்பு வந்து ஓய்ந்தாலும் இந்தத் தாளம் தளர்ந்து, விநாடிக்கு 4-க்கும் குறைவான அலைகள் தலைதூக்கும். தூக்கத்தில் அதே அலைகள் இயல்பாகவே வரும். வலிப்பை நிறுத்தக் கொடுத்த மருந்தும் பதிவை மாற்றும். அதனால் வலிப்பு வந்த மறுநாள் எடுத்த பதிவு அன்றைய நிலையைத்தான் காட்டுகிறது. பல குழந்தைகளுக்குச் சில வாரங்களில் அலைகள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, 100 குழந்தைகளில் 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சல் வலிப்பு வரும். உடம்பு முழுக்க ஒரே தடவை வந்து, 15 நிமிடத்துக்குள் நின்று, குழந்தை நன்றாகத் தெளிந்துவிட்டால் ஈ.ஈ.ஜி பொதுவாகத் தேவையே இல்லை. “எதுக்கும் ஒண்ணு எடுத்துடுங்க டாக்டர்” என்று வற்புறுத்த வேண்டாம். வலிப்பே வராத குழந்தைகளிலும் சிலருக்கு ஈ.ஈ.ஜி-யில், வலிப்பு நோயில் தெரிவது போன்ற கூர்முனை அலைகள் தெரியும். தேவையில்லாமல் எடுத்தால் தேவையில்லாத பயமும் மருந்தும் வந்து சேரலாம்.

டாக்டரே எடுக்கச் சொன்னால், முந்தின நாள் தலைக்குக் குளிப்பாட்டி, எண்ணெய் வைக்காமல் கூட்டிப் போங்கள். எண்ணெய் இருந்தால் கம்பி சரியாக ஒட்டாது. வலிப்பு மாத்திரை கொடுத்துவந்தால் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்னொன்று, எல்லைப் பக்கத்தில் ஆந்திராவில் ஒரு ஆஸ்பத்திரி, தமிழ்நாட்டில் ஒரு ஆஸ்பத்திரி என்று மாறி மாறிப் போகிறோம். பழைய ரிப்போர்ட்டும் டிஸ்சார்ஜ் சீட்டும் கையில் இல்லாவிட்டால், அலைகள் தேறி வருகிறதா என்று புது டாக்டரால் ஒப்பிட முடியாது.

இதற்கு நேர்மாறான தவறு உயிருக்கே ஆபத்து. காய்ச்சலில் எழுப்பினாலும் சரியாக விழிக்காத, ஆளைத் தெரியாத, உளறுகிற குழந்தையை “அசதி, தூங்கட்டும்” என்று விடக் கூடாது. ‘ஜன்னி’ என்று மந்திரிக்கக் கூட்டிப் போய் நேரத்தை வீணாக்கவும் கூடாது. மூளைக்காய்ச்சல் இப்படித் தொடங்கலாம். இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் நோயாளிகள் முதன்முதலில் அறியப்பட்டதே 1955-இல், நமக்குப் பக்கத்திலிருக்கும் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில்தான். நெல்வயல் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு அதைப் பரப்புகிறது. அந்த நோய் உள்ள மாவட்டங்களில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி உண்டு. உங்கள் ஊரில் போடுகிறார்களா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ஹெர்பிஸ் என்ற வைரஸால் வரும் மூளைக்காய்ச்சலுக்கு அசைக்ளோவிர் என்ற மருந்து இருக்கிறது. ஆனால் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பாதிப்பைக் கூட்டும்.

வலிப்பு வரும்போது சாவிக்கொத்தைக் கையில் திணிப்பது, வாயில் ஸ்பூன் வைப்பது, தண்ணீர் ஊற்றுவது எதுவும் வேண்டாம். பக்கவாட்டில் படுக்க வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. ஃப்ளூ, அம்மை நேரத்தில் அது கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோயைக் கொண்டுவரலாம்.

மூளைக்காய்ச்சலில் மீண்ட குழந்தைகள் விஷயத்தில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது பள்ளியில் நடப்பதுதான். பாடம் மறப்பது, சட்டென்று கோபம், சீக்கிரம் களைத்துப்போவது எல்லாம் மாதக்கணக்கில் நீடிக்கலாம், ஈ.ஈ.ஜி சரியான பிறகும்கூட. வீட்டில் தமிழ், வகுப்பில் தெலுங்கு என்று இருக்கும் பிள்ளையை “சோம்பேறி, மொழி வரல” என்று எளிதாக முத்திரை குத்திவிடுகிறார்கள். ஆசிரியரிடம் நோயைப் பற்றிச் சொல்லுங்கள், முதலில் அரை நாள் அனுப்புங்கள். சில மாதங்களிலும் தேறாவிட்டால், நினைவையும் கவனத்தையும் சோதித்துப் பார்க்கும்படி குழந்தை நரம்பியல் டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்.