கோகோ சாகுபடியை மீட்கும் திட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பப்புவா நியூ கினியின் கிழக்கு நியூ பிரிட்டன் மாகாணத்தில் 2006ஆம் ஆண்டு கோகோ காய்த்துளைப்பான் என்ற சிறிய அந்துப்பூச்சி தென்பட்டது. முதலில் கண்ட கெரவாட் பகுதியில் காய்களை எல்லாம் பறித்துப்போட்டு, மருந்தடித்து, அதை அடியோடு ஒழிக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. நாட்டிலேயே அதிகக் கோகோ தந்துகொண்டிருந்த அந்த மாகாணத்தின் விளைச்சல் சில ஆண்டுகளில் முன்பிருந்ததில் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. பலர் தோட்டத்தைப் புதர் மண்ட விட்டுவிட்டு சேப்பங்கிழங்கு, பாக்கு, பால்சா மரம் என்று வேறு வழி பார்த்தார்கள். உலக வங்கி 2010இல் ஒப்புதல் கொடுத்த ஒரு திட்டத்தின் கீழ் அரசும், ஏற்றுமதி நிறுவனங்களும், கூட்டுறவுச் சங்கங்களும் சேர்ந்து கோகோவையும் காபியையும் தூக்கிநிறுத்த இறங்கின. எந்த நாட்டில் இதுபோல ஒன்றைத் தொடங்கினாலும், அந்த மாகாணத்தின் அனுபவத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

விவசாயிக்கு விஷயம் தெரியவில்லை, பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. இந்தப் பூச்சி காயின் மேல் முட்டையிடும். புழு உள்ளே துளைத்துப்போய் இரண்டு வாரம்போலச் சதையைத் தின்னும். கொட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி, சூம்பிப்போகும். பிறகு புழு வெளியே வந்து இலையிலோ சருகிலோ கூடு கட்டும். மொத்தச் சுழற்சி ஏறக்குறைய ஒரு மாதம். ஆகவே வாரம் தவறாமல் பழுத்த காய்களை எல்லாம் பறித்து, உடைத்து, காய் ஓடுகளைக் குழியில் புதைத்துவிட்டால் சுழற்சி அறுந்துபோகும். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு நாள் போதும்.

செய்வதுதான் கஷ்டம். பூச்சி வருவதற்கு முன்பு அங்கே சிறு விவசாயிகள் பலர் பள்ளிக் கட்டணம், கல்யாணம், துக்கம் என்று பணம் வேண்டியிருக்கும்போது போய்ப் பறித்துக்கொண்டார்கள். இதைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம். கிழங்குத் தோட்டம், சந்தை, தேவாலய வேலை, உறவுமுறைக் கடமை எல்லாம் இருக்கிற குடும்பத்துக்கு, அதிக உழைப்பு கேட்காமல் அவசரத்துக்குக் கைகொடுத்த பயிர் அது. காய்த்துளைப்பான் வந்ததும் அதே பயிர் வாராவாரம் வேலை கேட்க ஆரம்பித்தது. இத்தனை பேருக்குப் பயிற்சி, இத்தனை லட்சம் நாற்று என்று அறிக்கை எழுதுகிறவர்கள், இந்தக் குடும்பத்தில் யார் வாரந்தோறும் போய்ப் பறிப்பார்கள், எத்தனை மரம் அவர்களால் முடியும் என்று கேட்பதில்லை. கையாள முடியாத மரங்களை வெட்டிவிட்டு மீதியை நன்றாகப் பார்க்கச் சொல்வது பல நேரம் சரியான ஆலோசனை. அப்புறம், பக்கத்துத் தோட்டம் புதராகக் கிடந்தால் பூச்சி அங்கிருந்து வந்துகொண்டே இருக்கும். தனித்தனி ஆளைப் பிடித்துப் பயிற்சி கொடுப்பதைவிட, அடுத்தடுத்த தோட்டக்காரர்களை ஒன்றாகச் சேர்ப்பதில்தான் பலன்.

உழைப்பு ஒருவர் கையில், பணம் இன்னொருவர் கையில் என்று இருந்தால் அந்த வாராந்திர வேலை நிலைக்காது. அறுவடையில் பெண்களின் பங்கு பெரியது. விற்ற காசு பெரும்பாலும் ஆண்கள் கைக்குப் போகும். பக்கத்து மாகாணமான மேற்கு நியூ பிரிட்டனில், ஹோஸ்கின்ஸ் பகுதி எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் இதற்கு ஒரு விடை ஏற்கெனவே இருந்தது. 1997இல் தொடங்கிய ‘மாமா லூஸ் ஃப்ரூட்’ (அங்கே ‘மாமா’ என்றால் அம்மா) திட்டத்தில், உதிர்ந்த பழத்தைப் பொறுக்கும் பெண்களுக்கு அவர்கள் பெயரிலேயே தனி அட்டை, தனிப் பணம். அதுவரை மண்ணில் கிடந்து அழுகிக்கொண்டிருந்த பழம் அதன்பின் ஆலைக்கு வந்தது. கோகோத் திட்டம் போடுகிறவர்கள் கணவனை மட்டும் பயிற்சிக்கு அழைப்பது எனக்குப் புரியாத விஷயம்.

நிலத்தையும் பார்க்காமல் விடக்கூடாது. கிழக்கு நியூ பிரிட்டனில் வாழும் டோலாய் மக்களிடம் நில உரிமை தாய்வழி; பிள்ளைகள் தாயின் குலத்தைச் சேர்ந்தவர்கள். ஆகவே தந்தையின் குலத்துக்குச் சொந்தமான நிலத்தில் நிற்கிற மரங்களைப் பிள்ளைகள் பிடுங்கிவிட்டுப் புதிதாக நடலாமா என்பதே தகராறாகலாம். இதைப் பேசி முடிக்காமல் நாற்றை இறக்கினால் நாற்று வீணாகும்.

பூச்சியை ஓரளவு தாங்கும் குட்டையான ஒட்டு வகைகள் வந்தது பெரிய உதவி. ஆனால் அவற்றைத் தடுப்பூசிபோல நினைக்கக்கூடாது. கவாத்து (கிளைகளை வெட்டிச் சீராக்குவது), நிழல் குறைப்பு, வார அறுவடை எல்லாம் அவற்றுக்கும் வேண்டும். ஒரே வகையை ஊர் முழுக்க நடுவதும் ஆபத்து. தொலைவிலுள்ள பெரிய நாற்றங்காலை நம்புவதைவிட, ஒட்டுக் கட்டக் குச்சி எடுக்கிற தோட்டம் கிராமத்திலேயே இருந்தால் திட்டம் முடிந்த பிறகும் நடவு தொடரும்.

உலர்த்துமிடத்திலும் பணம் தொலைகிறது. பழைய எண்ணெய்ப் பீப்பாய்களை இணைத்துச் செய்த புகைக்குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால், விறகுப் புகை கொட்டைக்குள் ஏறிவிடும். நயச்சுவைக் கோகோவுக்கு, அதாவது மணமும் சுவையும் உயர்ந்த கோகோவுக்கு, பெயர்பெற்ற நாடு, புகைவாடையால் விலையை இழக்கிறது. குழாயை மாற்றுவதும் சூரிய உலர்த்தி கட்டுவதும் பயிற்சிச் செலவோடு ஒப்பிட்டால் பெரிதில்லை.

கொட்டையை வாங்குகிற கூட்டாளி நிறுவனத்தைப் பொறுத்தவரை, மானியம் இருக்கும்வரை மட்டும் அது கிராமத்துக்கு வந்துபோனால் பயனில்லை. 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் கோகோ டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டியது. பிறகு வேகமாக இறங்கியது. ஏறிய விலையைக் காட்டி நடவைப் பரப்புவது எளிது. காய்ப்புக்கு வர இரண்டு மூன்று வருடமாகிற பயிர் இது. விலை இறங்கினாலும் அந்த நிறுவனம் வாங்குமா, நன்றாகப் புளிக்கவைத்துப் புகைவாடை இல்லாமல் உலர்த்திய கொட்டைக்கு எவ்வளவு கூடுதலாகத் தரும், ஈரக் கொட்டையை எடைபோடும்போது யார் உடனிருப்பார் என்பதையெல்லாம் முதல் நாற்று இறங்குவதற்கு முன்பே விவசாயிகளின் மொழியில் எழுதி வாங்க வேண்டும்.