ரிமினிக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்: முக்கியமாக, தண்டவாளத்தைத் தாண்டாமல் திரும்புவது

போன ஜூலையில் இத்தாலியின் ரிமினி ரயில் நிலையத்தில் பொலோன்யா வண்டிக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு தமிழ்க் குடும்பம், பெட்டிகளோடு. சின்னப் பையனின் கால்விரல்களில் மணல் இன்னும் ஒட்டியிருந்தது. மூன்று நாள் தங்கியிருக்கிறார்கள். எப்படி இருந்தது என்று கேட்டேன். "கடல் நல்லா இருந்துச்சுங்க, மத்தபடி இந்த ஊர்ல ஒண்ணும் இல்ல" என்றார் அந்த அம்மா.

அவர் நின்ற இடத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஜூலியஸ் சீசர் படையோடு வந்து இறங்கிய சதுக்கம். அங்கிருந்து இன்னும் பத்து நிமிடத்தில், 2,000 வருடமாக ஆற்றுக்குக் குறுக்கே நிற்கிற ஒரு பாலம்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பொலோன்யாவுக்குப் படிக்க வந்த முதல் கோடையில் நானும் ரிமினியைப் பற்றி இதையேதான் சொன்னேன். அதற்கப்புறம் சொந்தக்காரர்கள், புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் என்று வருடத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது யாரையாவது அங்கே கூட்டிப்போகிறேன், ஒவ்வொரு தடவையும் அதே தவறுகளைப் பார்க்கிறேன். பர்ஸைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், வெயிலுக்குக் கிரீம் பூசுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

சூரியன் கடலில் மறையும் என்று நினைப்பது

மறையாது. ரிமினி இருப்பது இத்தாலியின் கிழக்குக் கரையில், அட்ரியாட்டிக் கடலோரம். ஜூன் மாதத்தில் காலை ஐந்தரைக்கெல்லாம் கடலிலிருந்து சூரியன் எழும், அதற்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

முகவரியில் 'ரிமினி' என்று இருந்தால் போதும் என்று அறை எடுப்பது

ரிமினியின் கடற்கரை சுமார் 15 கிலோமீட்டர் நீளம். வடக்கே தோர்ரே பெத்ரேரா, விசெர்பா. நடுவில் மரீனா சென்ட்ரோ. தெற்கே ரிவாட்சுர்ரா, மிராமாரே. எல்லாமே ரிமினிதான். வடக்குப் பக்கம் அமைதியாக இருக்கும், அலைதடுப்புப் பாறைகள் இருப்பதால் தண்ணீர் குளம் மாதிரி நிற்கும், சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் வசதி. தெற்கே இன்னும் போனால் ரிச்சோனே வந்துவிடும். அந்தப் பக்கத்துக்கு 11-ம் எண் பேருந்து உண்டு, நிலையத்திலிருந்து ரிச்சோனே வரை மெட்ரோமாரே என்ற மின்பேருந்தும் ஓடுகிறது. இருந்தாலும் முதல் தடவை வருகிறவர்கள் மரீனா சென்ட்ரோவிலேயே தங்குங்கள், ஏனென்றால் நான் அடுத்துச் சொல்லப்போகிற தவறைத் திருத்திக்கொள்ள அங்கிருந்து நடந்தே போய்விடலாம்.

தண்டவாளத்தைத் தாண்டாமல் திரும்புவது

இதைப் பார்க்கும்போதுதான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

ரிமினி ஒன்றல்ல, இரண்டு ஊர். நடுவில் ரயில் பாதை. பொலோன்யாவிலிருந்து அங்கோனா போகும் இந்தப் பாதை 1861-ல் வந்தது. பாதைக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது ஹோட்டல்கள், ஐஸ்கிரீம் கடைகள், குடைகள். பாதைக்கு அந்தப் பக்கம், ரோமானியர்கள் கி.மு. 268-ல் அரிமினும் என்ற பெயரில் அமைத்த நகரம். மரெக்கியா ஆறும் மற்ற ஓடைகளும் நூற்றாண்டுக் கணக்கில் மண்ணைக் கொண்டுவந்து கொட்டியதில் கடல் பின்வாங்கிவிட்டது. ரோமானியர் காலத்தில் கரைக்கு அருகே கட்டிய வட்ட அரங்கத்தின் மிச்சம் இன்றைக்குக் கடலிலிருந்து கணிசமான தூரம் உள்ளே தள்ளி நிற்கிறது. நாம் துண்டு விரித்துப் படுக்கிற மணல் அப்போது கடலாக இருந்திருக்கும். அதனால் கடற்கரையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் பழைய ஊர் கண்ணில் படாது. மணலைப் பார்த்துவிட்டு ஊரைப் பார்த்ததாக நினைத்துக்கொள்கிறோம்.

ரயில் நிலையத்தின் முன்வாசலே பழைய ஊரைப் பார்த்துத்தான் திறக்கிறது, கடலுக்குப் போக வேண்டும் என்றால்தான் சுரங்கப்பாதையில் இறங்கி மறுபக்கம் ஏற வேண்டும். முன்வாசலில் வெளியே வந்து, நேரே பேருந்து ஏறிக் கடலுக்குப் போய்விடுகிறோம். என் முதல் பயணத்தில் நான் செய்தது இதுதான். மூன்று நாளும் தினம் குடைக்கும் சாய்நாற்காலிக்கும் காசு கட்டிக்கொண்டு, மாலையில் கரையோரச் சாலையில் மேலும் கீழும் நடந்துவிட்டுத் திரும்பினேன். அந்த வருடக் கடைசியில், என்னோடு படித்த ரிமினிக்காரன் ஒருவன் "பாலத்தைப் பார்த்தாயா?" என்று கேட்டான். எந்தப் பாலம் என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம் இன்னும் உறுத்துகிறது.

இனி, எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். அரை நாள் போதும். நிலையத்தின் முன்வாசலிலிருந்து நேராக தாந்தே தெருவில் நடங்கள். வழியிலேயே இடது பக்கம் வெள்ளைக் கல்லில் ஒரு தேவாலயம் வரும், மலாதெஸ்தா கோயில். ஊரை ஆண்ட சிஜிஸ்மோந்தோ மலாதெஸ்தாவுக்காக லியோன் பத்திஸ்தா ஆல்பெர்த்தி என்ற கட்டடக் கலைஞர் 1450-களில், ஏற்கெனவே இருந்த பிரான்சிஸ்கன் தேவாலயத்தின் மேல் ஒரு சட்டை போர்த்துவது மாதிரி இந்தக் கல் மேலுறையைப் போர்த்தினார். மேல்பாதி முடியவில்லை. சிஜிஸ்மோந்தோவுக்குப் போப்பாண்டவரோடு பகை முற்றி, நிலங்கள் போய், பணமும் தீர்ந்தது. அந்தக் குறை முகப்பில் அப்படியே தெரிகிறது. உள்ளே ஓவியர் ஜோத்தோ வரைந்த சிலுவை இருக்கிறது, அதற்கு முன்னால் கொஞ்சம் நில்லுங்கள்.

அங்கிருந்து சில நிமிடத்தில் மூன்று தியாகிகள் சதுக்கம். ரோமானியர்களின் பொதுச் சதுக்கமான ஃபோரம் இருந்த இடம். கி.மு. 49-ல் அன்றைய இத்தாலியின் எல்லையான ரூபிகான் ஆற்றைப் படையோடு தாண்டிய சீசர் முதலில் பிடித்த ஊர் இதுதான், எல்லை தாண்டியதும் வழியில் வருகிற ஊர் என்பதால். அவர் ஏறி நின்று வீரர்களிடம் பேசியதாகச் சொல்லப்படும் ஒரு கல்லின் நினைவாக அங்கே ஒரு சின்னக் கல்தூண் வைத்திருக்கிறார்கள். ஆனால் சதுக்கத்தின் பெயர் சீசருடையது அல்ல. 1944 ஆகஸ்ட் 16 அன்று அங்கே தூக்கிலிடப்பட்ட மூன்று இளம் பாசிச எதிர்ப்புப் போராளிகளுடையது.

சதுக்கத்தில் நின்றால் ஊரின் வரைபடமே புரிந்துவிடும். ரோமப் பேரரசர் அகஸ்டஸ் பெயரில் ஒரு நேர்தெரு. தென்கிழக்கு முனையில் கி.மு. 27-ல் எழுப்பிய அகஸ்டஸ் வளைவு; ரோமிலிருந்து வரும் பிளமினியா சாலை அங்கே முடிகிறது. வடமேற்கு முனையில் திபேரியஸ் பாலம். பியாசென்சா வரை போகும் எமிலியா சாலை அங்கே தொடங்குகிறது. நான் தினமும் நடக்கிற பொலோன்யாவின் பிரதான தெருவும் அதே எமிலியா சாலைதான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

பாலத்துக்குச் சாயங்காலம் போங்கள். அகஸ்டஸ் கி.பி. 14-ல் தொடங்கி, திபேரியஸ் 21-ல் முடித்தது. ஐந்து வளைவுகள், இஸ்திரியாவிலிருந்து வந்த வெள்ளைக் கல். கைப்பிடிச் சுவரின் உள்பக்கம் இரண்டு பேரரசர்களின் பெயரும் பொறித்திருக்கும். மழையும் உப்புக் காற்றும் தேய்த்ததில் சில எழுத்துகள் கண்ணுக்குத் தெரியாது, விரலை வைத்துத் தடவினால்தான் பள்ளம் தட்டுப்படும். அப்புறம் கீழே இறங்கித் தூண்களைக் கவனியுங்கள். அவை பாலத்துக்கு நேராக நிற்கவில்லை, கொஞ்சம் சாய்வாகத் திரும்பி நிற்கின்றன, ஆற்றின் ஓட்டம் எந்தக் கோணத்தில் வருகிறதோ அந்தக் கோணத்தில். தண்ணீர் மோதாமல் வழுக்கிக்கொண்டு போகும். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை இதன் மேல் கார்கள் போய்க்கொண்டிருந்தன. 1944-ல் பின்வாங்கிய ஜெர்மன் படை மரெக்கியாவின் மற்ற பாலங்களை உடைத்தது, இது மட்டும் தப்பியது.

அந்தப் போரில் ரிமினி பட்ட பாட்டையும் தெரிந்துகொண்டு நடந்தால் நல்லது. குண்டுவீச்சில் ஊரின் பெரும்பகுதி இடிந்துபோனது. 1857-ல் வெர்தியின் இசைநாடகத்தோடு திறந்த கல்லி அரங்கம் 1943 டிசம்பரில் நொறுங்கியது, மறுபடி திறக்க 2018 ஆனது. கடலோரத்தில் நீங்கள் பார்க்கும் ஹோட்டல் வரிசையில் பெரும்பாலானவை போருக்கு அப்புறம் அவசர அவசரமாக எழுந்தவை. 1843-ல் முதல் கடல்குளியல் நிலையமும் 1908-ல் கிராண்ட் ஹோட்டலும் வந்தபோது இது பணக்காரர்களின் ஊர். எல்லோருக்குமான கடற்கரையாக மாறியது பிறகுதான்.

ஒரே ஒரு டிக்கெட் வாங்கப்போகிறீர்கள் என்றால் பெர்ராரி சதுக்கத்தில் இருக்கும் 'அறுவை மருத்துவர் வீடு'க்கு வாங்குங்கள். 1989-ல் தோண்டும்போது கிடைத்தது. மூன்றாம் நூற்றாண்டில் தீப்பிடித்து இடிந்து விழுந்த ஒரு மருத்துவரின் வீடு, அதனாலேயே உள்ளே இருந்ததெல்லாம் அப்படியே மூடிக்கொண்டது. சுமார் 150 அறுவைக் கருவிகள். கத்திகள், இடுக்கிகள், பல் பிடுங்கும் குறடு, உடம்பில் தைத்த அம்புமுனையை எடுக்கும் கருவி. சில கருவிகள் தீயில் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகக் கிடக்கின்றன. அவை பக்கத்தில் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, ஒரே டிக்கெட்தான்.

இவ்வளவும் அரை நாளில். இதைப் பார்க்காமல் "ஒண்ணும் இல்ல" என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்குவதில்லை.

'வார்கோ அத்தீவோ' என்றால் 'திறந்திருக்கிறது' என்று படிப்பது

வாடகைக் காரில் வருகிறவர்களுக்கு. பழைய ஊருக்குள் வெளி வண்டிகள் நுழையக் கட்டுப்பாடு உண்டு, இசட்.டி.எல். என்று பலகை இருக்கும். நுழைவாயிலில் கேமரா, அதன் மேல் ஒளிரும் பலகையில் 'வார்கோ அத்தீவோ' என்று எழுதியிருக்கும். வழி திறந்திருக்கிறது என்று அர்த்தமில்லை, கேமரா வேலை செய்கிறது, நுழையாதே என்று அர்த்தம். 'நோன் அத்தீவோ' என்றிருந்தால்தான் போகலாம். என் நண்பர் ஒருவர் விடுதியைத் தேடி ஒரே கேமராவுக்குக் கீழே இரண்டு தடவை போய்விட்டார். இரண்டு அபராதம், ஒவ்வொன்றும் 80 யூரோவைத் தாண்டியது, கடிதம் வந்தது ஏழு மாதம் கழித்து. அவர் விலாசத்தைப் போலீசுக்குக் கொடுத்ததற்காகக் கார் வாடகைக்காரர்கள் தனியாக வேறு ஒரு தொகை எடுத்துக்கொண்டார்கள். பழைய ஊருக்குள் அறை எடுத்திருந்தால், வண்டி எண்ணை முன்கூட்டியே விடுதியில் கொடுத்து அனுமதி கிடைக்குமா என்று கேளுங்கள். இல்லையென்றால் வெளியே நிறுத்திவிட்டு நடங்கள்.

ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிப் போவது

வேண்டாம். அது பெர்ராகோஸ்தோ, இத்தாலியே கடற்கரையில் இருக்கும். அகஸ்டஸ் ஏற்படுத்திய விடுமுறையின் வழிவந்தது. ஜூன் முதல் பாதியோ செப்டம்பரோ நல்லது.

குளிர்காலத்தில் முன்பதிவு செய்யாமல் போவது

கடலோர ஹோட்டல்கள் பல கோடைக்கு மட்டும்தான். பழைய ஊருக்குள் பாருங்கள்.

எண் போட்ட மணலில் துண்டு விரிப்பது

மணலில் பெரும்பகுதி 'பான்யோ' எனப்படும் குத்தகைக் குளியலிடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். அங்கே குடை எடுத்தால்தான் உட்காரலாம். தண்ணீர் ஓரமாக யாரும் நடந்து போகலாம், ஆனால் அந்தப் பட்டையில் யாரும் துண்டு விரிக்கக் கூடாது. காசில்லாமல் உட்கார 'ஸ்பியாஜ்ஜா லீபெரா' என்ற பலகையைத் தேடுங்கள். பிள்ளைகள் எந்த எண்ணுக்கு முன்னால் குளிக்கிறார்கள் என்பதை அவர்களுக்கே மனப்பாடம் ஆக்கிவிடுங்கள், குடைகள் எல்லாம் ஒன்று போலவே இருக்கும்.

ஃபெலினி படம் எடுத்த இடங்களைத் தேடுவது

திரைப்பட இயக்குநர் ஃபெலினி 1920-ல் பிறந்தது இங்கே. ஊர் நினைவுகளைப் படமாக்கியது ரோமில், சினெசித்தா ஸ்டுடியோவில். பாலத்துக்கு அப்பால் போர்கோ சான் ஜூலியானோவில், பழைய மீனவர் வீடுகளின் சுவர்களில் அவரையும் அவர் படங்களையும் பற்றிய ஓவியங்கள் இருக்கின்றன, அங்கே போங்கள்.

சான் மரீனோ பேருந்தில் தூங்கிவிடுவது

நிலையத்துக்கு எதிரிலிருந்து ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் இன்னொரு நாடு. அந்தச் சாலையோரத்தில்தான் ரிமினி கூர்க்கா போர்க் கல்லறை இருக்கிறது. 1944-ல் இந்தப் பக்கம் போரிட்டு இறந்த, பிரிட்டிஷ் இந்தியப் படையைச் சேர்ந்த 600-க்கும் மேற்பட்டவர்களின் கல்லறைகள். உடல் தகனம் செய்யப்பட்ட இந்திய வீரர்களுக்கு அதற்குள்ளேயே தனி நினைவுச் சின்னமும் உண்டு. நான் போன மூன்று தடவையும் உள்ளே வேறு யாரும் இல்லை.

சைவம் என்று நம்பிப் பியாதீனா சாப்பிடுவது

நம் ஆட்கள் பார்த்ததும் "அட, சப்பாத்தி" என்று வாங்கிவிடுகிறார்கள். பார்க்க அப்படித்தான் இருக்கும். ரிமினிப் பக்கம் இன்னும் மெல்லிசாக, அகலமாகத் தேய்ப்பார்கள், கல்லில் போட்டதும் கொப்புளம் எழும்பி அங்கங்கே கருகும், சூடாக இருக்கும்போதே ஸ்குவாக்குவெரோனே என்ற இளகிய பாலாடைக்கட்டியும் ருக்கோலா கீரையும் வைத்து மடித்துத் தருவார்கள். ஆனால் வழக்கமான மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள், அதற்கு 'ஸ்த்ருத்தோ' என்று பெயர். உள்ளே வைப்பது சைவமா என்று மட்டும் கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "சென்சா ஸ்த்ருத்தோ?" (பன்றிக் கொழுப்பு இல்லாததா?) என்று மாவைப் பற்றிக் கேளுங்கள். ஆலிவ் எண்ணெயில் பிசைந்ததும் நிறையக் கடைகளில் கிடைக்கிறது, அதைத் தனியாக எடுத்துப் போட்டுத் தருவார்கள்.