காரணம் தெரியாத தோள்வலி

அடிபடாமலேயே தோள் வலிக்கத் தொடங்கினால், மலையகத்தில் நாம் முதலில் குறை சொல்வது கொழுந்துக் கூடையையோ நுவரெலியாக் குளிரையோதான். ஆனால் தலை சீவவும் சட்டை மாட்டவும் முடியாதபடி மூட்டு மெல்ல மெல்ல இறுகி வருமாயின், அது 40 முதல் 60 வயது வரையானோரிடமும், குறிப்பாக நீரிழிவு உள்ளவர்களிடமும் அதிகம் காணப்படும் உறைதோளாக இருக்கக்கூடும் என்பதால், தைலம் தேய்த்தே மாதங்களைக் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டி, இரத்தச் சர்க்கரையையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வலிக்குப் பயந்து கையை அசைக்காதிருந்தால் இறுக்கம் கூடும்; மறு கையால் மேசையைப் பிடித்துக் குனிந்து, வலிக்கும் கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு ஊசல்போல ஆட்டலாம்.

தோள்வலியுடன் நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் சேர்ந்தால் உடனே 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். லயத்து வாசல்வரை வாகனம் வராதெனில், எந்தச் சந்தியில் காத்திருப்பீர்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.