மண் வீட்டுக்கு எந்தக் கூரை?

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் மண் வீடு கட்டுகிறவர்கள் சுவருக்குக் காட்டும் அக்கறையைக் கூரைக்கும் காட்டுங்கள். சித்திரை வெயில் உள்ளே இறங்குவது கூரை வழியாகத்தான். ஐப்பசி மழையில் மண் சுவர் கரைவதும் இறவாணம், அதாவது சுவருக்கு வெளியே நீளும் கூரை ஓரம், குட்டையாக இருப்பதால்தான். சுவரைத் தாண்டி 2½ அடியாவது அது வெளியே நிற்கட்டும்.

தென்னங்கீற்று மலிவு, ஆனால் ஓரிரு வருடத்தில் மாற்ற வேண்டும். பனை ஓலை கூடுதல் நாள் தாங்கும். சரிவு நன்றாகச் செங்குத்தாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் ஊறி மட்கிவிடும்.

நான் சொல்வது நாட்டு ஓடுதான். ஆனால் வெறும் ஓடு போதாது. மதியம் இரண்டு மணிக்கு ஓட்டின் அடியில் கையை வைத்துப் பாருங்கள், அனல் அடிக்கும். அதனால் ஓட்டுக்குக் கீழே ஒரு மச்சு, அதாவது உள்கூரை, போடுங்கள். பனங்கையின் (பனைமரச் சட்டத்தின்) மேல் மூங்கில் தட்டி. அதன் மேல் வைக்கோல் கலந்து சில நாள் புளிக்கவிட்ட களிமண், மூன்று விரல் கனம். ஓட்டுக்கும் மச்சுக்கும் நடுவில் தேங்கும் சூடு வெளியேற, இரு பக்க முக்கோணச் சுவரிலும் துளை வேண்டும். எலியும் அணிலும் நுழையாதபடி கம்பி வலை அடித்துவிடுங்கள்.

அப்புறம், பனங்கை வாங்கும்போது வெட்டு முனையைப் பாருங்கள். கறுப்பு நார் நெருக்கமாக இருந்தால் வைரம் பாய்ந்த மரம். வெளுத்த சோறு, அதாவது மரத்தின் மென்மையான உட்பகுதி, அதிகம் தெரிந்தால் வேண்டாம். கறையான் முதலில் அதைத்தான் தேடி வரும்.